துணைவேந்தர் கை பட்ட டியூப்

மனிதனுடைய கை ஆர்.என்.ஏ.வுக்கு ஆகாது. நம் விரல் நுனியில் எப்போதும் இருக்கும் ஒரு நொதி பட்டால் போதும், அந்த மூலக்கூறு துண்டு துண்டாகி ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். இது விஞ்ஞானம். அதே சமயம், பெரிய மனிதர் ஒருவரின் கை படாமல் நம் பக்கத்தில் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை. இது நிர்வாகம். இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் திருமணிமுத்தாறு பல்கலைக்கழகத்தில் சில வருடங்கள் சமாதானமாக வாழ்ந்துவந்தன.

பல்கலைக்கழகம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காடுகளுக்கு மத்தியில் இருக்கிறது. அதன் செயற்கை உயிரியல் துறையின் மாடியில் ஆர்.என்.ஏ. ஆய்வகம். அதன் கதவில் 'கையுறை இன்றி உள்ளே வரவேண்டாம்' என்று எழுதி ஒட்டியவள் அபிநயா. சங்ககிரிக்காரி. அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "கோழிக்குப் படிக்குதுங்க" என்பார். பலரும் அதை அவருடைய அறியாமை என்று நினைத்துச் சிரித்தார்கள். உண்மையில் அது மிகச் சரியான பதில்.

அபிநயா செய்திருந்தது கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலைக் கண்டுபிடிக்கும் ஓர் ஆர்.என்.ஏ. கோழியின் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதை இந்தக் கரைசலில் முக்கி, நீல விளக்கின் கீழ் வைத்தால், நோய்க்கிருமி இருந்தால் பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். இதைச் செய்துமுடிக்க அவளுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது ஆழ்குளிர் ஃப்ரீசரில் ஒரு சின்ன டப்பா நிறையக் குட்டி டியூப்கள் இருந்தன. அவள் சொத்து அவ்வளவுதான். தீர்ந்துபோனால் மறுபடி செய்ய வெளிநாட்டு வேதிப்பொருள் வேண்டும். முதல் வருடம் அவள் கொடுத்த கோரிக்கை மூன்றாம் வருடம்தான் கொள்முதல் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. 'இதற்குப் பதிலாக உள்ளூரில் கிடைக்கும் பொருள் எதையேனும் பயன்படுத்த இயலுமா' என்று ஓரத்தில் கேட்டிருந்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகும் வெளியூர்த் தேர்வாளர் ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். பண்ணைக் கோழியின் மாதிரியில் அது ஒளிர்ந்து காட்ட வேண்டும். காட்டினால் அபிநயா டாக்டர் அபிநயா ஆவாள். காட்டாவிட்டால் உதவித்தொகை இந்த வருடத்தோடு நின்றுவிடும், அவள் சங்ககிரிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் அருணகிரி மிகவும் நல்லவர். யாரோடும் மோதாதவர். எந்தப் பிரச்சினை வந்தாலும் "கோஆப்பரேட் பண்ணிக்குவோம்" என்பார், பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடிப்பார், கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போய்வருவார். இது நாளெல்லாம் நடக்கும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லி வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கெல்லாம் நேரம் இல்லை என்பது அவருடைய பதில்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மக்கள் தொடர்பு அலுவலர் இளவழகன் ஒருநாள் மாடிக்கு வந்தார். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். கல்வெட்டு இல்லை. கல்வெட்டு இல்லை என்றால் திறப்பு விழா நடக்கவில்லை. திறப்பு விழா நடக்கவில்லை என்றால் இது திறக்கப்படாத ஆய்வகம். திறக்கப்படாத ஆய்வகத்துக்குள் சிலர் சில வருடங்களாக ஆராய்ச்சி செய்துவருவது நிர்வாகத்தின் பார்வைக்கு வந்தது. அவ்வாறு செய்யப்பட்ட ஆராய்ச்சி, திறப்பு விழா நடக்கும்வரை செய்யப்படாததாகவே கருதப்படும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. அருணகிரி கோஆப்பரேட் பண்ணிக்கொண்டார்.

திறந்துவைக்கத் துணைவேந்தர் குருமூர்த்தி இசைந்தார். அவர் எத்தனையோ பட்டங்கள் பெற்றவர் என்றாலும் இரண்டு மாவட்டத்திலும் அவரை அறியவைத்தது அவருடைய கைராசிதான். முன்னொரு காலத்தில் அவர் ஒரு கல்லூரிக்கு முதல்வராக இருந்தபோது, அங்கே போர் போட வந்த ரிக் வண்டிமேல் யதேச்சையாகக் கை வைத்தார். தண்ணீர் பீறிட்டது. அதிலிருந்து திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வேலைக்குப் போகும் வழியில் அவர் வீட்டு வாசலில் நின்று போவது வழக்கமாயிற்று. அவர் கை வைத்தும் தண்ணீர் வராத போர்களும் உண்டு. அங்கெல்லாம் அவர் முழு மனத்தோடு கை வைக்கவில்லை என்பது பிற்பாடு தெரியவந்தது.

விழாவில் துணைவேந்தர் ஆர்.என்.ஏ. டியூப்பைக் கையில் வாங்கி, கண்மூடி, ராசி இறக்கித் தருவார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அபிநயா பதறிப்போய், அருணகிரியையும் அழைத்துக்கொண்டு துணைவேந்தரின் அறைக்கு ஓடினாள். கையுறை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள்.

"கையுறை போட்டுட்டா கை எப்படிம்மா படும்?" என்று கேட்டார் துணைவேந்தர்.

"படக் கூடாதுங்க சார். அதுக்குத்தானுங்க கையுறை."

"படறதுக்குத்தானம்மா நான் வாரேன்."

கையுறை போட்டால் மோதிரம் போட்டோவில் தெரியாது என்ற தொழில்நுட்பச் சிக்கலை அங்கே இருந்த இளவழகன் எடுத்துச் சொன்னார். அருணகிரி தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போனார்.

அன்று மதியம் அபிநயா ஒரு காரியம் செய்தாள். தன் வாழ்க்கையிலேயே செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். ஒரு காலி டியூப்பை எடுத்தாள், அதில் சுத்தமான தண்ணீரை ஊற்றினாள், அதன்மேல் அழகாகச் சீட்டு ஒட்டினாள். அசல் டப்பாவை ஃப்ரீசரின் அடித்தட்டில் தள்ளிவைத்தாள். பெரியவர் தொட்டுக்கொள்ளட்டும், கண்ணை மூடிக்கொள்ளட்டும், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், நம் உயிர் பத்திரம் என்று நிம்மதியாக இருந்தாள்.

விழா நாளும் வந்தது. நுழைவாயிலில் துணைவேந்தர் ஒரு பெரிய முறுக்கிய ஏணியைத் தழுவி நிற்பதாக ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஆர்.என்.ஏ. ஒற்றை இழை, இந்தப் படத்தில் இருப்பது இரட்டை இழை டி.என்.ஏ. என்று அபிநயா சொல்லிப்பார்த்தாள். நல்ல காரியத்துக்கு ஒற்றையாகப் போடக் கூடாது என்று இளவழகன் விளக்கினார்.

எந்த விழாவுக்கும் பயனாளி என்று ஒருவர் வேண்டும். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் பெரியநாயகியை அழைத்துவந்திருந்தார்கள். அந்த அம்மாள் உண்மையாகவே கவலையில் இருந்தார். கொஞ்ச நாளாக முட்டை குறைந்திருந்தது, கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. அப்படி ஒன்றைக் கூடையில் தூக்கிவந்திருந்தார். போட்டோவுக்கு இன்னும் கொஞ்சம் உற்சாகமான கோழி கிடைக்குமா என்று இளவழகன் கேட்டார். கிடைக்கவில்லை. அபிநயா அந்தக் கோழியின் தொண்டையில் இரண்டு பஞ்சுக் குச்சிகளால் மாதிரி எடுத்துவைத்தாள்.

துணைவேந்தர் டியூப்பை வாங்கினார். உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். கண்களை மூடினார். அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. நெற்றி வியர்க்கும் அளவுக்கு ராசி இறங்கியபின் கண்ணைத் திறந்தார். அவர் கை வைத்த இடத்தில் தண்ணீர் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அந்த டியூப்பிலும் அதுதான் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "இதுலயே டெஸ்ட் பண்ணிக் காட்டும்மா" என்று டியூப்பை அவளிடம் நீட்டினார்.

அபிநயா வாங்கிக்கொண்டாள். ஒரு பஞ்சுக் குச்சியை அதில் முக்கினாள், நீல விளக்கைப் போட்டாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் ஒளிரவில்லை. எப்படி ஒளிரும்? இளவழகன் கேமராக்காரரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். துணைவேந்தரின் முகம் மெல்ல மாறத் தொடங்கியது. அவருடைய கை வாழ்க்கையில் முதல் முறையாக ஊரறியத் தோற்கப்போகிற நேரம் அது.

அப்போதுதான் யாரோடும் மோதாத அருணகிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பச்சை வந்தா நோய் இருக்குன்னு அர்த்தங்க. வரலைன்னா, நோய் இல்லைன்னு அர்த்தம்" என்றார்.

ஒரு கணம் யோசித்துவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். துணைவேந்தர் கை வைத்ததும் நாமக்கல் கோழிக்கு நோய் இல்லை என்று விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாகிவிட்டது. பெரியநாயகி அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வந்தது. கூடையில் கழுத்தைத் தொங்கப் போட்டிருந்த கோழியை வெட்டிவிட்டிருந்தார்கள், படத்திலிருந்து.

கூட்டம் கலைந்த பிறகு அபிநயா கதவைச் சாத்திக்கொண்டு, கையுறையும் முகமூடியும் போட்டு, அடித்தட்டிலிருந்து அசல் டியூப் ஒன்றை எடுத்தாள். மிச்சமிருந்த பஞ்சுக் குச்சியை முக்கினாள். நீல விளக்கின் கீழ் அது இளநெல் நாற்றுபோல் பச்சையாக ஒளிர்ந்தது. மூன்று வருட உழைப்பு முதல் முறையாகப் பண்ணைக் கோழியில் வேலை செய்கிறது. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்த நொடியே, அப்படியானால் பெரியநாயகியின் கோழிக்கு நோய் இருக்கிறது என்பது உறைத்தது. பின்னால் அருணகிரி நின்றுகொண்டிருந்தார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியவர் தொட்டது வெறும் தண்ணீர் என்றும், கோழிக்கு நோய் இருப்பது நிஜம் என்றும் சொன்னாள். அவர் நெடுநேரம் அந்தப் பச்சையையே பார்த்தார். அதில் அவருக்கும் பெருமைதான். நல்ல பேராசிரியர் அவர்.

"அணைச்சிரும்மா," என்றார் கடைசியில். "துணைவேந்தர் கையில தண்ணியைக் குடுத்தோம்னு வெளிய தெரிஞ்சா உனக்குப் பட்டமும் இல்லை, எனக்குப் பென்சனும் இல்லை. நீ சொல்லலைன்னு வெச்சுக்க. நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்."

அபிநயா விளக்கை அணைத்தாள். ஆனால் மனசு அணையவில்லை. மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்துப் பெரியநாயகியின் பண்ணைக்குப் போனாள். ஷெட்டின் ஓரத்தில் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் இருக்கிறது, நோயுள்ளதை ஒதுக்கிவிட்டு மற்றதுக்கு உடனே மருத்துவரைக் கூப்பிட்டு ஊசி போடுங்கள், கொஞ்ச நாளைக்கு முட்டை லோடு ஏற்ற வேண்டாம் என்று சொன்னாள்.

"அந்தப் பெரியவரு டியூப்பு இல்லைங்குது. உன்ற டியூப்பு இருக்குதுங்குது. நான் எதைச் சாமி நம்பறது?" என்றார் பெரியநாயகி.

"அது டியூப்பே இல்லீங்க்கா. வெறும் தண்ணி. நான்தான் ஊத்துனேன்."

பெரியநாயகி ஷெட்டைப் பார்த்தார். வாசலில் முட்டை லாரி இன்ஜினை நிறுத்தாமல் காத்துக்கொண்டிருந்தது. "கோயில்ல குடுக்கறதும் தண்ணிதான் சாமி," என்றார். பிறகு எழுந்துபோய் லோடு ஏற்றச் சொன்னார். அபிநயாவுக்குக் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியாததுதான் சங்கடம். வரும்போது பெரியநாயகி ஒரு அட்டை முட்டை கொடுத்தனுப்பினார்.

விஷயம் பண்ணைக்குப் பண்ணை பரவிற்று. ராசியான டியூப்பில் தங்கள் கோழியையும் பார்க்க வேண்டும் என்று மாடிப்படி முழுக்க ஆட்கள் கூடையோடு நின்றார்கள். இத்தனை பேருக்கு ஒரு டியூப் எப்படிப் போதும் என்று துணைவேந்தர் கவலைப்பட்டார். அருணகிரிதான் வழி சொன்னார். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, தாய் டியூப்பிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர் டியூப்களில் விட்டால் ராசி இறங்கிவிடும். அப்படியே செய்தார்கள். புதுக் கரைசல்களின் தரம் தாய்க் கரைசலுக்குக் கொஞ்சமும் குறையவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. எதுவும் எதற்கும் ஒளிரவில்லை.

ஒளிராத கோழிகளுக்கு 'ஒளிராமைச் சான்றிதழ்' வழங்கப்பட்டது. கொஞ்ச நாளில் அது இல்லாத பண்ணையில் முட்டை எடுக்க மாட்டோம் என்று வியாபாரிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். சான்றிதழ் வாங்கியும் கோழி செத்த பண்ணைகள் இருந்தன. பெரியநாயகியின் ஒரு ஷெட் முழுக்கக் காலியானது. நோய் இல்லை என்று ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதால், சாவுக்குக் காரணம் ஆவணி வெயில் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அந்த வாரம் பூராவும் மழை. மழைக்கு நடுவே அடித்த வெயில் என்று அறிவிப்பு திருத்தி வெளியிடப்பட்டது.

இதற்கு மேல் அபிநயாவால் பொறுக்க முடியவில்லை. தன்னுடைய அசல் கரைசல் பல பண்ணை மாதிரிகளில் பச்சை காட்டுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். தண்ணீர் விஷயத்தை மட்டும் எழுதவில்லை. அவ்வளவு தைரியம் வரவில்லை. உடனே உண்மை அறியும் குழு அமைக்கப்பட்டது. துணைவேந்தரே தலைவர். அவருடைய டியூப்பைப் பற்றி அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்?

"ஏம்மா, உங்க டியூப்ல யார் கை பட்டுச்சு?" என்று ஆரம்பித்தார்.

"யார் கையும் படலைங்க சார்."

"இங்க உள்ள எந்தப் பெரியவங்க கையும்?"

"இல்லீங்க சார்."

துணைவேந்தர் குழு உறுப்பினர்களைப் பார்த்தார். உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் அருணகிரியும் ஒருவர். கைத்தொடர்பு இல்லாத காரணத்தால் மாணவியின் ஆர்.என்.ஏ. ஊரில் இல்லாத நோயை எல்லாம் இருப்பதாகக் காட்டுகிறது என்று குழு ஒருமனதாக முடிவுக்கு வந்தது. ஆய்வேட்டில் அதை ஒரு தனி அத்தியாயமாக எழுதிச் சேர்த்தால் பட்டத்துக்குத் தடையில்லை என்றும் பெருந்தன்மையோடு சொன்னார்கள். அபிநயா எழுத மாட்டேன் என்றாள். வெளியூர்த் தேர்வாளர் வரட்டும், அவர் கண் முன்னால் ஒளிர்ந்து காட்டட்டும், அதற்குப் பிறகு யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்று இருந்தாள். அவளுடைய நம்பிக்கை பூராவும் அந்த அடித்தட்டு டப்பாவில் இருந்தது.

வாய்மொழித் தேர்வு ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள். காலையில் பெரியநாயகியின் மிச்சமிருந்த ஷெட்டில் புதிதாகத் துவண்டிருந்த கோழியிடம் மாதிரி எடுத்துக்கொண்டு, அபிநயா நேராக ஆய்வகத்துக்கு வந்தாள். நிலைப்படியில் மாவிலை. தரையில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு. நுண்ணோக்கிக்கு மாலை, மேசைக்குத் திருநீற்றுப் பட்டை, ஃப்ரீசர் கதவுக்கு மூன்று சந்தனப் பொட்டு. எங்கும் நடப்பதுதான், அவள் பதறவில்லை. ஃப்ரீசரைத் திறந்தாள். குளிர்காற்று வரவில்லை.

உள்ளே டப்பாவில் ஒவ்வொரு குட்டி டியூப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். மூடிகள் திறந்திருந்தன. இளவழகன் வந்து பெருமையோடு விவரித்தார். இந்த வருடம் ஒரு பொருளையும் விடக் கூடாது என்று துணைவேந்தர் சொல்லிவிட்டாராம். டியூப்களில் பனி படிந்திருந்ததால் பொட்டு ஒட்டவில்லையாம். அதனால் பூஜைக்கு முந்தின நாளே ஃப்ரீசரை அணைத்து, பனி விட்டதும் துடைத்துப் பொட்டு வைத்தார்களாம். உங்கள் டியூப்புக்குக் கை படவில்லை என்று குழுவில் குறை வந்ததே, அதற்காகத் துணைவேந்தரே நேரில் வந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து விரல் வைத்துத் தந்தாராம்.

"இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க மேடம்," என்றார்.

அபிநயா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பூசணிக்காய்ச் சிவப்பு உடையில் ஒட்டியது. அருணகிரி பக்கத்தில் வந்து நின்றார். தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லலாமா என்று அவள் கேட்டாள். தள்ளிவைத்தால் உதவித்தொகை இல்லை, வேதிப்பொருள் வர இன்னும் மூன்று வருடம், அதற்குள் நீ எங்கே நான் எங்கே என்றார். கடைசியில் மெதுவாக, "கோஆப்பரேட் பண்ணிக்கம்மா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

தேர்வறையில் அவள் செத்துப்போன ஆர்.என்.ஏ.வில் நோய்க்கோழியின் பஞ்சை முக்கினாள். நீல விளக்கைப் போட்டாள். ஒளிரவில்லை. பக்கத்தில் துணைவேந்தரின் டியூப்பிலும் அதே பஞ்சை முக்கிக் காட்டச் சொன்னார்கள். அதுவும் ஒளிரவில்லை. வெளியூர்த் தேர்வாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒளிர வேண்டும் என்று நிபந்தனை விதித்தவர் அவர். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே அவரைச் சேலத்தில் நல்ல ஓட்டலில் தங்கவைத்து, சான்றிதழின் புகழை இளவழகன் விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

"இரண்டு தனித்தனி முறைகள் ஒரே முடிவைத் தருகின்றன. விஞ்ஞானத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?" என்றார்.

அந்த இடத்தில் அபிநயா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கவும் செய்தாள். அதற்குள் துணைவேந்தர் அவள் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். கேமரா பளிச்சிட்டது. திறந்த வாய்க்கு ஏதாவது ஒரு வேலை வேண்டுமே என்று, "நன்றிங்க சார்" என்றாள். குழு கேட்ட அத்தியாயத்தை அந்த வாரமே எழுதிக் கொடுத்தாள். சங்ககிரியில் அப்பா பட்டறை ஆட்கள் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக்கொடுத்தார்.

பிறகு துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. பிரிவு உபசாரத்தில் அவருடைய வலக்கையை வெண்கலத்தில் வார்த்து நூலக வாசலில் வைத்தார்கள். அந்தக் கையால் யாருக்கும் டியூப் தொட்டுத்தர முடியவில்லை என்ற நடைமுறைச் சிக்கல் பிற்பாடுதான் தெரிந்தது. தாய் டியூப்பும் தீரும் நிலைக்கு வந்திருந்தது. புதிதாக வந்தவருக்கு நிர்வாக அனுபவம் நிறைய, கைராசி பற்றித் தகவல் இல்லை. ஆகவே துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் பணியிடம் உருவாக்கி, அதில் டாக்டர் அபிநயாவை அமர்த்தினார்கள். துணைவேந்தரின் கையிலிருந்து டியூப்பை முதன்முதலில் வாங்கிய கை அவளுடையது என்பது கூடுதல் தகுதியாகக் கொள்ளப்பட்டது.

முதல் நாள் காலை, வரிசையில் முதல் ஆளாகப் பெரியநாயகி நின்றார். காலியான ஷெட்டில் புதுக்குஞ்சு விட்டு வளர்த்துவிட்டாராம், முட்டை வர ஆரம்பித்துவிட்டதாம், சான்றிதழ் வேண்டுமாம். அபிநயா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வெறும் தண்ணிங்க்கா இது."

"தெரியும் சாமி. நீதான் அன்னிக்கே சொன்னியே."

"தெரிஞ்சுமாங்க்கா?"

"பச்சை காட்டுன டியூப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன சாமி பண்றது? அதை வெச்சு லோடு ஏத்த முடியுமா?" என்றார் பெரியநாயகி. அவர் கோபப்படவில்லை. வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. "உன்ற கையால தொட்டுக் குடு. படிச்ச கை."

கதவில் அவள் எழுதி ஒட்டிய வாசகம் இன்னும் அப்படியே இருந்தது. அபிநயா கையுறையைக் கழற்றினாள். டியூப்பை உள்ளங்கையில் பொத்தினாள். கண்ணை மூட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை, பழைய துணைவேந்தர் மூடினாரே என்று மூடிக்கொண்டாள். திறந்தபோது பெரியநாயகி கும்பிட்டுக்கொண்டிருந்தார். பஞ்சு முக்கினாள், ஒளிரவில்லை, சான்றிதழ் கொடுத்தாள்.

அடுத்த ஆள் கூடை எதுவும் கொண்டுவரவில்லை. கையில் சின்னப் பாட்டில் ஒன்றைக் கைக்குட்டையால் மறைத்துப் பிடித்திருந்தார். நிமிர்ந்து பார்த்தாள். அருணகிரி. பாட்டிலை மெதுவாக மேசைமேல் வைத்தார். காலையில் எடுத்த சிறுநீராம். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், வீட்டில் ரொம்ப நச்சரிக்கிறார்களாம்.

அபிநயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், உங்களுக்குத் தெரியுமில்லீங்க இது என்னன்னு. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களே."

அருணகிரி பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார். "அங்க போனா இருக்குதுன்னு சொல்லிருவாங்கம்மா," என்றார்.

அவள் பஞ்சுக் குச்சியைப் பாட்டிலில் நனைத்து, டியூப்பில் முக்கி, நீல விளக்கின் கீழ் வைத்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"பச்சை இல்லீங்க சார்," என்றாள்.

அருணகிரியின் முகம் மலர்ந்தது. வரிசையில் நின்றவர்களும் கைதட்டினார்கள். அபிநயாவும் தட்டினாள், இரண்டு வெறுங்கையாலும்.